கிளப் யாருடையது, பழி யாருக்கு? வெளிநாட்டுப் பணமும் இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களின் சச்சரவும்

2022 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் செல்சியும் நியூகாசில் யுனைடெடும் மோதின. மூன்று நாள் முன்புதான் செல்சியின் உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளை, உக்ரைன் போரை ஒட்டி, பிரிட்டிஷ் அரசு முடக்கியிருந்தது. முந்தைய நாள் சவுதி அரேபியா ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியதாக அறிவித்திருந்தது. நியூகாசிலின் 80 சதவீதப் பங்குகள் அந்நாட்டின் அரசு முதலீட்டு நிதியிடம் இருந்தன. 89ஆவது நிமிடத்தில் காய் ஹாவெர்ட்ஸ் அடித்த கோலில் செல்சி வென்றது. ஆட்டத்துக்குப் பின் செய்தியாளர்கள் மரண தண்டனைகளைப் பற்றிக் கேட்டபோது, நியூகாசில் பயிற்சியாளர் எடி ஹவ், தாம் கால்பந்தைப் பற்றி மட்டுமே பேசப்போவதாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

இரண்டு அணியின் ரசிகர்களும் மற்றவரைப் பார்த்து ஒரே குற்றச்சாட்டைச் சொல்ல முடிந்த நாள் அது. அந்தச் சச்சரவு இன்னும் தீரவில்லை. உரிமையாளர் செய்யும் தவறுக்கு ரசிகர் பொறுப்பா? வெளிநாட்டவர் வாங்குவதே தவறா, அல்லது குறிப்பிட்ட சிலர் வாங்குவது மட்டுமா? இந்தக் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், விவாதம் பெரும்பாலும் வசைபாடலில் முடிகிறது. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், ரசிகர் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி உண்மையில் வேறிடத்துக்குப் போக வேண்டியது என்பது தெரியும். ஒரு சிறு பகுதி அவரிடமே தங்கும் என்பதும் தெரியும்.

## கிளப் எப்படி விற்பனைப் பொருளானது

இங்கிலாந்தின் பழைய கிளப்புகள் தொழிற்சாலைகளிலும் தேவாலயங்களிலும் பிறந்தவை. மான்செஸ்டர் யுனைடெட் 1878இல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணி. மான்செஸ்டர் சிட்டியின் வேர் 1880இல் ஒரு தேவாலயத்தைச் சுற்றி உருவான குழுவில் இருக்கிறது. ஆர்சனல் 1886இல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களால் தொடங்கப்பட்டது.

மைதானம் கட்டக் கடன் வாங்க வேண்டியிருந்தது. கடன் தனிமனிதர்கள் தலையில் விழாமலிருக்க, கிளப்புகள் வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனங்களாகப் பதிவு செய்துகொண்டன. விற்கவும் வாங்கவும் கூடிய பங்குகள் அப்படித்தான் பிறந்தன. ஆனால் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு வேலி போட்டது: பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையில் உச்சவரம்பு, இயக்குநர்களுக்குச் சம்பளம் கிடையாது. கிளப்பை வைத்துப் பணம் பண்ண வழியில்லை என்பதால் வெளியாருக்கு அதில் ஆர்வமும் இருக்கவில்லை.

1983இல் டாட்டன்ஹாம், கிளப்புக்கு மேலே ஒரு தாய் நிறுவனத்தை உருவாக்கி, அதை லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. விதி கிளப்பைத்தான் கட்டுப்படுத்தியது, தாய் நிறுவனத்தை அல்ல. சங்கம் கண்டும் காணாமல் இருந்தது. 1992இல் இங்கிலாந்தின் உச்சநிலைப் போட்டியான பிரீமியர் லீக் தொடங்கித் தொலைக்காட்சிப் பணம் கொட்டத் தொடங்கியபோது வேலி பெயருக்கு மட்டுமே நின்றது. கிளப்புகளை வெளியாருக்குத் திறந்துவிட்டவர்கள் உள்ளூர் உரிமையாளர்களே. இன்றைய கோபத்தில் அதிகம் மறக்கப்படும் உண்மை இது.

பணத்தால் பட்டம் வாங்குவதும் புதிதல்ல. 1995இல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் லீக் பட்டம் வென்றது உள்ளூர் எஃகு வணிகர் ஜாக் வாக்கரின் பணத்தில்தான். அவர் மண்ணின் மைந்தர் என்பதால் அதை யாரும் ஊழல் என்று சொல்லவில்லை. ஊர்ப் பெருமை என்றுதான் சொன்னார்கள்.

## ‘பணக்கார உரிமையாளர்’ ஒரே ஆள் அல்ல

பிரீமியர் லீக்கில் பெரும்பான்மைக் கிளப்புகள் வெளிநாட்டவர் கையில் இருக்கின்றன. அவர்களில் அமெரிக்கர்களே அதிகம். எல்லோரையும் ஒரே கூடையில் போட்டால் விவாதம் குழம்பும். நோக்கத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

1. லாபம் தேடுபவர். கிளப்பின் மதிப்பு உயர்ந்தால் விற்கலாம் என்பது இவரது கணக்கு. மோசமான வடிவம், வாங்குவதற்குப் பட்ட கடனைக் கிளப்பின் மீதே ஏற்றிவிடுவது. 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் மான்செஸ்டர் யுனைடெடை ஏறக்குறைய 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. அதில் பெரும்பகுதி கடன். ஒரு வீட்டை வாங்கப் பட்ட கடனை, அந்த வீட்டில் குடியிருப்பவரின் வாடகையிலிருந்தே அடைப்பது போன்றது இது. அதுவரை கடனில்லாமல் இருந்த கிளப், அன்று முதல் வட்டி கட்டுகிறது.

2. பெருமையோ பாதுகாப்போ தேடும் தனிமனிதர். 2003இல் செல்சியை வாங்கிய அப்ரமோவிச் லாபத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஏறக்குறைய 150 கோடி பவுண்டு கடனாகக் கொடுத்து, கடைசியில் அதைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை என்றார். அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது லண்டனில் ஓர் அந்தஸ்து.

3. அரசு, அல்லது அரச குடும்பம். 2008இல் அபுதாபியின் ஷேக் மன்சூர் மான்செஸ்டர் சிட்டியை வாங்கினார். 2011இல் கத்தாரின் அரசு சார்ந்த நிறுவனம் பிரான்சின் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப்பை எடுத்தது. 2021இல் சவுதி நிதி நியூகாசிலை வாங்கியது. இவர்களுக்கு இழப்பு ஒரு பொருட்டல்ல. 2017இல் நெய்மார் என்ற வீரரை வாங்கப் பாரிஸ் கொடுத்த 22.2 கோடி யூரோ, உலக வீரர் பரிமாற்றச் சந்தையின் விலைகளையே மாற்றிப்போட்டது.

முதல் வகையை எதிர்ப்பவர் ‘எங்கள் பணத்தை உறிஞ்சுகிறார்கள்’ என்கிறார். மூன்றாம் வகையை எதிர்ப்பவரின் புகார் நேர் எதிரானது: ‘இவ்வளவு பணத்தை ஏன் கொட்டுகிறார்கள்?’ முதல் கேள்வி நிதி நேர்மை பற்றியது, இரண்டாவது மனித உரிமை பற்றியது. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்குப் பொருந்தாது.

## ஸ்போர்ட்ஸ்வாஷிங்: குற்றச்சாட்டு என்ன?

ஓர் அரசு தன் கெட்ட பெயரை மறைக்க விளையாட்டைப் பயன்படுத்துவதை ஸ்போர்ட்ஸ்வாஷிங் என்கிறார்கள். சிறைகளையும் தூக்குமேடைகளையும் பற்றி யாரும் பேசாமல் செய்துவிட முடியாது. ஆனால் அந்த நாட்டின் பெயரைக் கேட்டதும் முதலில் நினைவுக்கு வருவதை மாற்றிவிடலாம். 2008க்கு முன் அபுதாபி என்றால் இங்கிலாந்தின் சாதாரண ரசிகருக்கு எண்ணெய் நினைவுக்கு வந்திருக்கும். இன்று மான்செஸ்டர் சிட்டியின் வான்நீலச் சட்டை வருகிறது.

இது வேலை செய்கிறதா என்பதில் இரு கருத்து உண்டு. நியூகாசில் விற்பனைக்குப் பிறகு, சவுதி அரசை விமர்சித்துவந்த பத்திரிகையாளர் ஜமால் கஷோகியின் கொலை விளையாட்டுப் பக்கங்களிலும் எழுதப்பட்டது. அந்த வகையில் கவனம் கூடத்தான் செய்தது. ஆனால் விளம்பரம் இதில் பாதிதான். ஒரு நகரத்தின் மிகப் பெரிய நிறுவனம் உங்கள் கையில் இருந்தால், நகராட்சியும் உள்ளூர் அரசியல்வாதிகளும் உங்களைப் பகைத்துக்கொள்ள யோசிப்பார்கள். மான்செஸ்டரின் கிழக்குப் பகுதியில் சிட்டியின் உரிமையாளர் குழுவும் மாநகராட்சியும் கூட்டாகவே குடியிருப்புகள் கட்டியிருக்கின்றன. இந்த உறவுதான், கோப்பைகளைக் காட்டிலும், அதிக நாள் நிலைக்கும் ஆதாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சவுதி பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் இந்தக் குற்றச்சாட்டை மறுக்கக்கூட மெனக்கெடவில்லை. ஸ்போர்ட்ஸ்வாஷிங் தன் நாட்டின் பொருளாதாரத்தை ஒரு சதவீதம் வளர்க்கும் என்றால் அதைத் தொடர்ந்து செய்வேன் என்று 2023 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். அடுத்த ஆண்டு டிசம்பரில் 2034 உலகக் கோப்பை சவுதிக்கு வழங்கப்பட்டது.

## நியூகாசில் விற்பனையில் நடந்தது என்ன

இந்த ஒரு விற்பனையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன் தரும். விதிகளின் பலவீனம் இதில்தான் வெளிச்சமாகத் தெரிகிறது.

மைக் ஆஷ்லி என்ற ஆங்கிலேய வணிகர் 2007 முதல் நியூகாசிலை வைத்திருந்தார். அவர் காலத்தில் கிளப் இரண்டு முறை பிரீமியர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. நூற்றாண்டு கடந்த செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்துக்குத் தன் விளையாட்டுப் பொருள் கடையின் பெயரைச் சூட்டிப் பார்த்தார். ரசிகர்கள் வெறுத்துப்போயிருந்தார்கள். 2020 ஏப்ரலில் சவுதி நிதி முன்னிற்கும் கூட்டமைப்பு வாங்க முன்வந்தது.

இழுபறி ஒன்றரை ஆண்டு நீடித்தது. அதற்கு மனித உரிமை காரணமல்ல. பிரீமியர் லீக் ஆட்டங்களை மத்தியக் கிழக்கில் ஒளிபரப்ப உரிமை பெற்றிருந்த கத்தாரின் பீஇன் நிறுவனத்தைச் சவுதி தடை செய்திருந்தது. அதன் ஒளிபரப்பைத் திருடிக் காட்டும் சேவை ஒன்றும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. லீக்கின் வருமானத்தில் கைவைத்த விவகாரம் என்பதால் லீக் விழித்துக்கொண்டது. தாமதத்தைக் கண்டித்துப் பட்டத்து இளவரசர் பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கே செய்தி அனுப்பியது 2021 ஏப்ரலில் வெளியானது. 2021 அக்டோபர் 6இல் பீஇன் மீதான தடையை நீக்கப்போவதாகச் சவுதி தெரிவித்தது. மறுநாளே கிளப் 30.5 கோடி பவுண்டுக்குக் கைமாறியது.

லீக் சொன்ன காரணம்: சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி கட்டுப்படுத்தும் உறுதிமொழி கிடைத்திருக்கிறது. அந்த நிதியின் தலைவர் பட்டத்து இளவரசர்தான். கஷோகியைப் பிடிக்கவோ கொல்லவோ நடந்த நடவடிக்கைக்கு அவரே ஒப்புதல் கொடுத்தார் என்று அமெரிக்க உளவுத்துறை 2021 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டிருந்தது. சவுதி அதை மறுத்தது. அவர் தலைமை தாங்கும் நிதி வேறு, அவர் நடத்தும் அரசு வேறு என்று லீக் ஏற்றுக்கொண்டது.

2023இல் கதை மாறியது. அமெரிக்காவில் கோல்ஃப் தொடர்பான ஒரு வழக்கில் அதே நிதியின் ஆவணங்களை நீதிமன்றம் கேட்டது. அப்போது நிதியின் வழக்கறிஞர்கள் சொன்னது: இந்த நிதி சவுதி அரசின் அங்கம், இதன் ஆளுநர் யாசிர் அல்ருமையான் பதவியிலுள்ள அமைச்சர், ஆகவே அரசுகளுக்குரிய சட்டப் பாதுகாப்பு எங்களுக்கும் உண்டு. அந்த அல்ருமையான்தான் நியூகாசிலின் தலைவர். லண்டனில் ‘நாங்கள் அரசு அல்ல’, கலிஃபோர்னியாவில் ‘நாங்கள் அரசு’. லீக் இதற்காக விற்பனையை மறுபடி திறக்கவில்லை.

இதோடு ஒப்பிட இன்னொரு சம்பவம் இருக்கிறது. டெலிகிராஃப் நாளிதழை வாங்க ஒரு கூட்டமைப்பு முன்வந்தபோது, அதன் பணத்தில் பெரும்பகுதி சிட்டியின் உரிமையாளரான அதே ஷேக் மன்சூர் தரப்பிலிருந்து வந்தது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வெடித்தது. வெளிநாட்டு அரசுகள் பிரிட்டிஷ் செய்தித்தாள்களை வாங்கத் தடை விதித்து 2024இல் சட்டமே வந்தது. மறு ஆண்டு, நிர்வாகத்தில் தலையிடாத 15 சதவீதம் வரையிலான பங்குக்கு மட்டும் இடம் விடப்பட்டது. செய்தித்தாள் என்றால் ஆபத்து, கால்பந்து என்றால் முதலீடு. நாட்டின் மனதைப் பாதிப்பது எது என்பதைப் பற்றி அரசு வைத்திருக்கும் கணிப்பு இது. கணிப்பு சரிதானா என்பதை எந்தச் சனிக்கிழமையும் மைதான வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம்.

## ரசிகர்கள் சொல்லும் வாதங்கள்

1. ‘எல்லோர் கையிலும்தான் கறை. எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?’ பிரிட்டன் சவுதிக்குப் போர் விமானங்கள் விற்கிறது. அதே நிதி பல உலக நிறுவனங்களில் முதலீடு வைத்திருக்கிறது. நியூகாசில் ரசிகரைத் திட்டுபவரும் அவற்றின் வாடிக்கையாளராக இருக்கலாம். இது கேட்பவரின் போலித்தனத்தைக் காட்டுகிறதே தவிர, கேள்விக்குப் பதில் ஆகாது. ஒரு நிறுவனத்தில் பங்கு வைப்பதும் கிளப்பை வாங்குவதும் ஒன்றல்ல. அந்த நிறுவனத்தின் பெயரை யாரும் பாட்டாகப் பாடுவதில்லை. பேரன் பேத்திக்கு விட்டுச்செல்வதும் இல்லை. வாங்குபவர் தேடி வருவதே அந்தப் பாசத்தைத்தான்.

2. ‘வெளிநாட்டவரே பிரச்சினை.’ இந்த வாதம் நிற்காது. 1885இல் தொடங்கிய பெரி கிளப்பை ஒரு பவுண்டுக்கு வாங்கியவர் ஆங்கிலேயர்; 2019 ஆகஸ்டில் கிளப் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. பிளாக்பூலை வைத்திருந்த ஆங்கிலேயக் குடும்பம் கிளப்பின் பணத்தை முறையற்று உருவியதாக 2017இல் உயர் நீதிமன்றம் சொன்னது. எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம் என்று நினைக்க வெளிநாட்டுக் கடவுச்சீட்டு தேவையில்லை. மறுபுறம் லெஸ்டரைப் பாருங்கள். தாய்லாந்தின் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபா 2010இல் வாங்கினார். 2016இல் யாரும் எதிர்பாராத லீக் பட்டம் வந்தது. 2018 அக்டோபரில் மைதானத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் விபத்தில் அவர் இறந்தபோது ஊரே மலர்களைக் கொண்டுவந்து குவித்தது.

   கெட்டிக்காரத்தனமே இல்லாத வெளிநாட்டு உரிமையாளர்களும் உண்டு. புனேயின் வெங்கீஸ் கோழிப்பண்ணை நிறுவனம் 2010இல் பிளாக்பர்னை வாங்கியது. 2012இல் கிளப் கீழிறங்கிய ஆட்டத்தில் ரசிகர்கள் கிளப் கொடி போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார்கள். அங்கே கோபத்துக்குக் காரணம் நிர்வாகத் தடுமாற்றம். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் ‘அரபுப் பணம்’, ‘ஆசியப் பணம்’ என்று பேசுவோர், விமர்சனம் என்ற பெயரில் இனவெறுப்பைக் கடத்துகிறார்கள். உரிமையாளரை நியாயமாக விமர்சிப்பவருக்கு அதைவிடக் கெடுதல் வேறு யாரும் செய்ய முடியாது.

3. ‘ஊர் வளர்கிறது.’ உண்மைதான். கிழக்கு மான்செஸ்டரில் பயிற்சி மையங்கள் வந்தன. நியூகாசில் 2025 மார்ச்சில் லிவர்பூலை 2-1 என்று வென்று லீக் கோப்பையைத் தூக்கியது. 1955க்குப் பிறகு அந்த ஊர் கண்ட முதல் உள்நாட்டுக் கோப்பை. எழுபது ஆண்டு காத்திருந்தவரிடம் போய் ‘சந்தோஷப்படாதே’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் அந்த நன்மைக்கு விலை கொடுப்பவர் வேறெங்கோ சிறையில் இருக்கிறார் என்பதுதான் எதிர்த்தரப்பின் வாதம். நன்மைகளை அடுக்குவதால் அந்த வாதம் விழுந்துவிடாது.

4. ‘நாங்கள் என்ன செய்ய முடியும்? எங்களை யார் கேட்டார்கள்?’ யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ‘என்ன செய்ய முடியும்’ என்பதற்குக் கால்பந்து வரலாறே பதில் வைத்திருக்கிறது.

## கையில் இருக்கும் பலமும் அது பாயும் திசையும்

2016 பிப்ரவரியில் லிவர்பூலின் அமெரிக்க உரிமையாளர்கள் மிக உயர்ந்த டிக்கெட் விலையை 77 பவுண்டாக அறிவித்தார்கள். அடுத்த ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். 2021 ஏப்ரல் 18இல் ஐரோப்பாவின் 12 பெரிய கிளப்புகள் தமக்குள் மூடிய ‘சூப்பர் லீக்’ ஒன்றை அறிவித்தன. மைதான வாசல்களில் கூட்டம் திரண்டது. ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் இரண்டு நாளில் பின்வாங்கின. பிளாக்பூல் ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகச் சொந்த மைதானத்தையே புறக்கணித்து, உரிமையாளர் போன பிறகுதான் 2019இல் திரும்பினார்கள். கிளேசர்கள் வந்த 2005இலேயே யுனைடெட் ரசிகர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து எஃப்சி யுனைடெட் என்ற, உறுப்பினர்களுக்கே சொந்தமான கிளப்பைத் தொடங்கினார்கள்.

ஆக, பலம் இருக்கிறது. ஆனால் டிக்கெட், லீக், மைதானம் என்று தமக்கு நேரடியாக வலிக்கும் விஷயங்களில்தான் அது வெளிப்பட்டிருக்கிறது. பிறருக்கு வலிப்பதற்காக எந்தப் பெரிய கிளப்பின் ரசிகர் கூட்டமும் இருக்கையைக் காலி செய்ததில்லை. நியூகாசிலில் விற்பனையை எதிர்த்து ஒரு சிறு குழு எழுந்தது. ஆனால் ரசிகர் அறக்கட்டளையின் வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் விற்பனையை ஆதரித்தார்கள். இதை அவர்களது குணக்கேடு என்று நான் படிக்கவில்லை; மனிதர்கள் எங்கும் இப்படித்தான். ஆனால் ‘எங்களுக்குச் சக்தி இல்லை’ என்ற வாதத்தை இனி யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

ரசிகர் செய்வது ஒரே செயல் அல்ல. அணியை நேசிப்பது ஒன்று. அதற்குப் பணம் கொடுப்பது ஒன்று. உரிமையாளருக்காக வாதாடுவது முற்றிலும் வேறொன்று. முதலாவதில் தேர்வே இல்லை, அது பெரும்பாலும் பத்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. இரண்டாவதில் நியாயமான ஆட்கள் இருபுறமும் நிற்கலாம். மூன்றாவதற்குச் சாக்கு இல்லை. 2022 மார்ச் 5இல் பர்ன்லி மைதானத்தில் உக்ரைன் மக்களுக்காக எல்லோரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்த நிமிடத்தில், செல்சி ரசிகர்களில் ஒரு பகுதியினர் அப்ரமோவிச்சின் பெயரை முழங்கினார்கள். கோப்பைகளுக்கு நன்றி சொல்ல வேறு ஆயிரம் நிமிடங்கள் இருந்தன. அவர்களின் பயிற்சியாளர் தாமஸ் டூஹெல்லே அதைக் கண்டித்தார். யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தச் சில விநாடிகளுக்கு அவர்கள் ஊதியமில்லாத செய்தித் தொடர்பாளர்கள் ஆனார்கள். ரசிகரிடம் தங்கும் பழி என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். மீதிப் பழி விற்றவர், வாங்கியவர், அனுமதித்த லீக், வேடிக்கை பார்த்த அரசு ஆகியோருக்குரியது.

## பூனைக்கு யார் மணி கட்டுவது?

அரசுகள் உரிமையாளராக இருப்பதில், மனித உரிமைக்கு அப்பால், தொழில்நுட்பரீதியான ஒரு சிக்கலும் உண்டு. 2025-26 பருவம் வரையிலான பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு இழப்பைத்தான் காட்டலாம். பணக்கார உரிமையாளர் அளவில்லாமல் கொட்டுவதைத் தடுக்க வந்த விதி. ஆனால் உரிமையாளருக்கு வேண்டிய நிறுவனமே கிளப்புக்கு ‘விளம்பரதாரர்’ ஆகிவிட்டால், உரிமையாளர் பணம் விளம்பர வருமானமாகக் கணக்கில் ஏறும். தனிமனிதருக்கு அப்படிச் சில நிறுவனங்கள் இருக்கலாம்; ஓர் அரசுக்கு விமான சேவை, தொலைத்தொடர்பு, சுற்றுலா வாரியம் என்று ஒரு நாடே இருக்கிறது.

சிட்டி மீதான குற்றச்சாட்டின் மையம் இதுதான். 2020 பிப்ரவரியில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு அதற்கு இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் அதை ரத்து செய்தது: சில குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்படவில்லை, சில காலாவதியாகிவிட்டன. 2023 பிப்ரவரியில் பிரீமியர் லீக் நூற்றுக்கு மேற்பட்ட விதிமீறல்களைச் சுமத்தியது. கிளப் அனைத்தையும் மறுத்தது. விசாரணை 2024 செப்டம்பரில்தான் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. அதற்கிடையே, இழப்பு வரம்பை மீறியதாக 2023 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்ட எவர்ட்டன் கிளப்புக்கு அதே ஆண்டு நவம்பரில் 10 புள்ளிகள் வெட்டப்பட்டுவிட்டன; மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. வழக்குகளின் அளவு வேறு என்பது உண்மை. ஆனால் நாட்டின் மிக விலையுயர்ந்த வழக்கறிஞர்களை ஆண்டுக்கணக்காக அமர்த்த முடிந்தவரும் முடியாதவரும் ஒரே விதிக்குக் கீழ் விளையாடுகிறார்கள் என்று எவர்ட்டன் ரசிகரிடம் சொல்லி நம்பவைப்பது கடினம்.

ஒரே உரிமையாளரிடம் பல கிளப்புகள் இருப்பது அடுத்த ஓட்டை. 2023 ஜூனில் சவுதி நிதி தன் நாட்டின் நான்கு பெரிய கிளப்புகளில் தலா 75 சதவீதம் எடுத்தது. அந்தக் கோடையிலேயே நியூகாசில் தன் வீரர் ஆலன் செயின்ட் மாக்சிமனை அவற்றில் ஒன்றான அல் அஹ்லிக்கு விற்றது. விற்றவரும் வாங்கியவரும் ஒருவரே என்றால் விலையை யார் சரிபார்ப்பது? இப்படித் தொடர்புள்ள கிளப்புகளிடம் வீரர்களை இரவல் வாங்குவதைத் தற்காலிகமாகத் தடுக்க நவம்பரில் பிரீமியர் லீக் கிளப்புகளிடையே வாக்கெடுப்பு நடந்தது. 14 வாக்குகள் தேவைப்பட்டன, 13 கிடைத்தன.

## ரசிகருக்கு வாக்கு உள்ள இடத்தில்

ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி இருக்கிறது. கிளப்பின் வாக்குகளில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் உறுப்பினர்களின் சங்கத்திடமே இருக்க வேண்டும். 50+1 என்று இதை அழைக்கிறார்கள். பெரும் பணக்காரர் பங்கு வாங்கலாம், ஆட்சியை வாங்க முடியாது. நீண்ட காலமாக நிறுவனங்களின் கையில் இருந்த லெவர்குசன், வொல்ஃப்ஸ்புர்க் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

இதைச் சொர்க்கமாக வரைவது எளிது, ஆனால் அது உண்மையல்ல. 2013 முதல் 2023 வரை பேயர்ன் முனிக்கே தொடர்ந்து 11 பட்டங்களை வென்றது. அதை உடைத்தது, வேடிக்கையாக, விதிவிலக்குப் பெற்ற லெவர்குசன். ரெட்புல் நிறுவனம் 2009இல் லைப்சிக்கில் தொடங்கிய கிளப், வாக்குரிமையுள்ள உறுப்பினர்களை ஒரு கைக்குள் அடக்கி, விதியின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை எடுத்தது.

ஆனாலும் பேயர்னில் 2021 நவம்பரில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். கத்தார் ஏர்வேஸ் விளம்பர ஒப்பந்தத்தை நிறுத்தக் கோரும் தீர்மானத்தை நிர்வாகம் ஆண்டுக் கூட்டத்தில் எடுக்க மறுத்தது. தலைவர்கள் முகத்துக்கு நேராக உறுப்பினர்கள் கூச்சலிட்டார்கள். 2023இல் ஒப்பந்தம் முடிந்தபோது அது நீட்டிக்கப்படவில்லை. தமக்கு வலிக்காத ஒரு விஷயத்துக்காகவும் ரசிகர்கள் எழுந்து நிற்பார்கள் என்பதற்கு இது சாட்சி. வித்தியாசம் அவர்களுக்கு ஓர் அரங்கும் வாக்கும் இருந்தன என்பதுதான். கேட்க ஆளிருக்கும் இடத்தில்தான் மனசாட்சிக்கும் வேலை இருக்கிறது.

## இங்கிலாந்தின் புதிய சட்டம் எதைத் தொடுகிறது, எதைத் தொடவில்லை

பெரியின் அழிவும் சூப்பர் லீக் கொந்தளிப்பும் சேர்ந்து ஒரு விசாரணைக்கு வழிவகுத்தன. அதன் விளைவாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறி, லீக்குகளைச் சாராத ஒழுங்காற்று அமைப்பு ஒன்று உருவானது. அதன் கையில் இருப்பவை:

1. கிளப்புகளுக்கு உரிமம் வழங்குவது. உரிமம் இல்லாமல் விளையாட முடியாது.
2. உரிமையாளரின் பணம் எங்கிருந்து வந்தது என்பது உட்படத் தகுதியைச் சோதிப்பது, தகுதியற்றவரை வெளியேற்றுவது.
3. சூப்பர் லீக் போன்ற தடை செய்யப்பட்ட போட்டிகளில் கிளப்புகள் சேராமல் தடுப்பது.
4. சின்னம், சொந்த மைதானச் சட்டையின் நிறம் போன்ற அடையாளங்களை ரசிகர் ஒப்புதல் இல்லாமல் மாற்றவிடாமல் காப்பது. 2012இல் கார்டிஃப் கிளப்பின் நீல நிறத்தை மலேசிய உரிமையாளர் வின்சென்ட் டான் சிவப்பாக்கினார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு எதிர்ப்புக்குப் பிறகே நீலம் திரும்பியது. இனி அப்படி நடக்க முடியாது.

அரசு உரிமையாளர் விஷயத்தில் சட்டம் மெளனமாகவே நகர்கிறது. உரிமையாளரைச் சோதிக்கும்போது பிரிட்டனின் வெளியுறவு, வர்த்தகக் கொள்கைகளையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று முந்தைய அரசின் வரைவில் ஒரு பிரிவு இருந்தது. அமைச்சர்களுக்கு வேண்டிய நாடுகளைப் பகைக்காதே என்பதுதான் அதன் நடைமுறைப் பொருள். அது பின்னர் நீக்கப்பட்டது, நல்ல மாற்றம். ஆனால் செய்தித்தாள்களுக்குப் போட்டது போன்ற தடை எதுவும் வரவில்லை. பிரீமியர் லீக் 2023இல் மனித உரிமை மீறலைத் தகுதிநீக்கக் காரணமாகத் தன் விதிகளில் சேர்த்தது. அதற்குப் பின்னும் எந்த அரசும் தன் பங்கை விட்டுக்கொடுத்து வெளியேற வேண்டியிருக்கவில்லை.

தகுதியற்றவர் என்று கண்டால் வெளியேற்றுவது காகிதத்தில் எளிது. செல்சி விஷயத்தில் ஓர் அரசே இறங்க வேண்டியிருந்தது. அரசு கொடுத்த தனி உரிமத்தின் கீழ் கிளப் மூச்சுவிட்டது. புதிய டிக்கெட்டுகளும் சட்டைகளும்கூட விற்க முடியவில்லை. 2022 மே மாதம் அமெரிக்கக் கூட்டமைப்பு 425 கோடி பவுண்டு உறுதியளித்து வாங்கியது. அதில் பங்குகளுக்கான 250 கோடி, உக்ரைன் போரில் பாதிக்கப்பட்டோருக்குப் போக வேண்டியது, சர்ச்சையில் சிக்கி ஆண்டுக்கணக்கில் வங்கியில் முடங்கிக் கிடந்தது. ஒரு தனிமனிதரை வெளியேற்றவே இவ்வளவு பாடு. ஆயுதமும் எண்ணெயும் முதலீடும் கைமாறும் நட்பு நாடு ஒன்றை வெளியேற்ற, ஒழுங்காற்று அமைப்பின் தலைவர் தனியாக முடிவெடுக்க முடியுமா என்பது இதுவரை சோதிக்கப்படவில்லை.

ரசிகர்களிடம் கலந்து பேச வேண்டியவை என்று சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. டிக்கெட் விலை, ஆட்ட நாள் ஏற்பாடுகள், மைதான இடமாற்றம், கிளப்பின் பாரம்பரியம், எதிர்காலத் திட்டங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கிளப்பை யாருக்கு விற்கலாம் என்ற கேள்வி அதில் இல்லை.